கொடிக்காரரின் வலது கை

இந்த ஊர் பிறந்ததே ஒரு மேட்டால்தான். எல்லை மலையில் ஒற்றை எஞ்சினால் ரயில் ஏற முடியவில்லை. பின்னாலிருந்து தள்ள இன்னொன்றை இங்கேதான் மாட்டினார்கள். வண்டி நிற்கும் அந்த நாற்பது நிமிடத்தை நம்பி இருநூறு வீடுகள் முளைத்தன. பிறகு புது எஞ்சின் வந்து, யார் தயவும் வேண்டாமென்று தனியாகவே ஏறிப் போனது. ஊர் மூட்டை கட்டியது. போன மாதம் வண்டி நிற்பதையே ரத்து செய்துவிட்டார்கள்.

மிஞ்சியது கொடிக்காரரும் அவர் மனைவியும். நிற்காத வண்டிக்குக் கொடி எதற்கு என்று கேட்டால் பதில் வராது. காட்டாவிட்டால் மட்டும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். முப்பத்தோரு வருடமாக வலது கையில் பச்சை, இடது கையில் சுருட்டிய சிவப்பு. அந்தச் சிவப்பை விரிக்க ஒருமுறைகூட வாய்த்ததில்லை.

மூன்று நாள் மழையில் சாலை சரிந்தது. அதே மூன்று நாளும் மனைவிக்குக் காய்ச்சல். நான்காம் நாள் காலை உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அடிவார ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"காலை வண்டிய ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க ஐயா. வீட்ல அவளுக்கு மூச்சு முட்டுது."

"நிறுத்தமே இல்லாத இடத்துல எப்படிங்க? எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்."

மேலே போய் வரும்வரை அவள் தாங்கமாட்டாள். வேலை போனால் போகட்டும் என்று அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்து பிளாட்பாரப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"சிவப்பு காட்டப் போறேன். நிக்காம எங்க போயிடுவான்?"

"உங்களுக்கு அதெல்லாம் வருமா?" அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு.

வண்டி வளைவில் கூவியது. கூவல் காதில் விழுந்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது, குதிகால்கள் சேர்ந்தன, வலது கை உயர்ந்தது. டிரைவர் எப்போதும்போல் கையசைத்துப் போனார். தலைக்கு மேலே பச்சை படபடப்பதைக் கொடிக்காரர் அப்போதுதான் பார்த்தார், பாவி மனிதர். சிவப்பை உதறி விரிப்பதற்குள் கடைசிப் பெட்டியும் மறைந்துவிட்டது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நான்தான் சொன்னேன்ல. விடுங்க." அவர் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வரை இருந்தாள்.

மறுநாள் காலை அவர் சிவப்பைக் காட்டினார். வண்டி நின்றது. டிரைவர் பதறி இறங்கி ஓடிவந்து, "என்னாச்சுங்க, என்ன ஆபத்து?" என்று கேட்டார். கொடிக்காரர் சிவப்பைச் சுருட்டினார். பச்சையைக் காட்டி அனுப்பிவைத்தார்.