ஸ்கோப் மாட்டுகிற வேலை

ஊரில் யாரைக் கேட்டாலும் நான் கூடாரக் கடையில் வேலை பார்ப்பதாகத்தான் சொல்வார்கள். நான் சொல்லிவைத்தது அப்படி. முழுப் பொய்யும் இல்லை. ஷார்ஜாவில் எங்கள் கடையின் முன்பாதி முழுக்கக் கூடாரம், மடக்கு நாற்காலி, கரி அடுப்பு, தண்ணீர்க் கேன்தான். குளிர்காலத்தில் பாலைவனத்துக்குப் போய்ப் படுக்கிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள். பின்பாதியில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. அங்கே காற்றுத் துப்பாக்கிகள் இருக்கும். உரிமம் காட்டினால்தான் உள்ளே விடுவோம். என் நாற்காலி கிடப்பது அந்த அறையில். அதைத்தான் நான் ஊரில் சொல்லவில்லை.

சொல்ல முடியாது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் வருஷா வருஷம் நாரையும் கொக்கும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அதுகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட எங்கள் ஊரில் வெடி போட மாட்டார்கள். கல்யாணத்துக்கும் கிடையாது, சாவுக்கும் கிடையாது. வெளியூர்க்காரன் எவனாவது கல் வைத்து அடிக்கிற கவட்டையோடு வந்தால் ஊரே சேர்ந்து விரட்டும். அந்த ஊரில் பிறந்தவன் பறவை சுடுகிற துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் மாட்டிப் பிழைக்கிறான் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு போய் நிற்பது? எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். நான் மாட்டுவது கண்ணாடி. சுடுவது அவர்கள்.

இதில் கேவலம் என்னவென்றால், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆரம்பத்தில் கூடாரப் பக்கம்தான் நின்றேன். ஒருநாள் மேனேஜர் சின்னத் திருகு ஒன்றைப் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். நான் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அன்றோடு பின்னறைக்கு மாற்றிவிட்டார். கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களிடம் வருகிறவர்கள் பெரிய வேட்டைக்காரர்கள் இல்லை. "ரகீஸ் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள், மலிவாக இருக்கிறதா என்று. மலிவு ஸ்கோப்பிலேயே நல்லதும் உண்டு, கூத்தும் உண்டு. உள்ளே சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, முன்பக்கம் குடம் மாதிரி வாய், ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியில் கொட்டை எழுத்து, இது கூத்து. ஸ்பிரிங் விசையில் சுடுகிற காற்றுத் துப்பாக்கிக்கு இது ஆகவே ஆகாது. அந்தத் துப்பாக்கி முதலில் பின்னால் இடிக்கும், உடனே முன்னாலும் இடிக்கும். இரண்டு பக்கமும் இடி வாங்கினால் மலிவு ஸ்கோப்புக்குள் இருக்கும் கண்ணாடி கழன்று ஆட ஆரம்பித்துவிடும். அதற்கு ஏற்றது, விளக்கோ படத்தைப் பெரிதாக்கும் திருப்புவளையமோ இல்லாத, நான்கு மடங்கு மட்டும் காட்டுகிற சின்னக் குழாய். பார்க்க லட்சணமாக இருக்காது, அடி தாங்கும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? சந்தையில் பலாப்பழம் எடுப்பது போலத் தூக்கிப் பார்த்துக் கனமானதையே எடுப்பார்கள்.

அப்படி எடுத்தவர்தான் ஷார்ஜா நகரத்துக்கு வெளியே தைத் பக்கம் தோட்டம் வைத்திருந்த வயதான அரபி. ஆட்டுத் தீவனத்தைப் புறா வந்து தின்கிறது, எச்சம் போடுகிறது என்று ஒரு பழைய ஸ்பிரிங் துப்பாக்கியோடு வந்தார். நான் சின்னதைக் காட்டினேன். அவர் விளக்கு எரிவதை எடுத்தார். மாட்டிக் கொடுத்தேன். சில நாளிலேயே திரும்பி வந்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது துப்பாக்கியை மேசையில் வைத்தார்.

"ஹாதா மாஃபி ஜெய்ன்" என்றார். இது நன்றாக இல்லை என்கிறார். பிறகு என்னைக் கைகாட்டி, எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியில் சொன்னார்: "இஸ்கோ காம் மாலும் நஹி."

இவனுக்கு வேலை தெரியாது. என்னைப் பார்த்து. ஸ்கோப்புக்குள் பார்த்தேன், குறி வைக்கிற கூட்டல்குறி கோணலாகச் சாய்ந்து கிடந்தது. நான் எச்சரித்த அதே கோளாறு. எடுத்துச் சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை. மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சின்னதை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்கே போ. அவர் கண் முன்னாலேயே மாட்டு. நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நீ பழையபடி கூடாரப் பக்கம் நின்றுகொள்" என்றார்.

கூடாரப் பக்கம் போயிருந்தால் ஊரில் சொன்னது உண்மையாகியிருக்கும். சம்பளத்திலும் வித்தியாசம் கிடையாது. ஆனால் வேலை தெரியாதவன் என்ற பேரோடு அங்கே போக எனக்கு ரோஷம் விடவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

கடையின் டெலிவரி வேன் ஓட்டுகிற, நான் தம்பி என்று கூப்பிடும் பையன் கூட வந்தான். என் ரூம்மேட், எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரன். தோட்டத்தில் ஈச்சமரத்து நிழலில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அரபி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்தார்.

நான் ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரியும்படி செய்தேன். துப்பாக்கியின் தண்டவாளம் போன்ற மேல்பட்டையில் எண்ணெயைத் துடைத்தேன். இரண்டு துண்டு வளையத்துக்குப் பதிலாக ஒரே துண்டுப் பிடியைப் போட்டு, அதன் அடிமுளை பட்டையில் இருக்கும் குழிக்குள் இறங்கும்படி உட்காரவைத்தேன். அது இறங்கினால்தான் இடி வாங்கும்போது ஸ்கோப் பின்னால் வழுக்காது. துப்பாக்கியை அவர் தோளிலேயே வைக்கச் சொல்லி, அவர் கண்ணுக்குப் படம் முழுதாகத் தெரியும் இடம் வரை குழாயை நகர்த்தினேன். கூட்டல்குறியை நேராக்கினேன். திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பிறகு பேரீச்சம்பழ அட்டைப்பெட்டியில் ஒரு வட்டம் போட்டு மரத்தடியில் வைத்துச் சுட்டுச் சுட்டு, ஸ்கோப்பின் மேல் குமிழையும் பக்கக் குமிழையும் திருகிச் சரிசெய்தேன். கடைசியில் எல்லாக் குண்டும் ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற இடத்துக்குள் விழுந்தது. அந்த அட்டையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். அவ்வளவு திமிர்.

அவர் சிரித்தார். "அட்டையா வந்து என் தீவனத்தைத் தின்கிறது?" என்று இந்தியில் கேட்டார். ஆட்டுப்பட்டியின் தகரக்கூரையைக் கையால் காட்டினார். அங்கே ஒரு கள்ளிப்புறா உட்கார்ந்திருந்தது. "தும் மாரோ" என்றார். நீ சுடு.

என் வழக்கத்தில் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் மதிக்கிற ஆள்தான் அவர்; சரி என்று விட்டிருப்பார். நான் சொல்லவில்லை. தப்பவிட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் துப்பாக்கியை எடுத்தேன். கூரைக்கு மேலே ஆகாயத்தைப் பார்த்து ஒரு குண்டு, புறா பறந்துவிடும், கதை முடிந்தது.

ஸ்கோப்புக்குள் புறா பக்கத்தில் வந்து நின்றது. பின்கழுத்துக் கறுப்புக் கோடு, சிவந்த கண், காற்றில் லேசாகத் தூக்குகிற இறகு. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் மாட்டிய கண்ணாடி என்று பெருமையாக இருந்தது. இப்போது தப்பவிட்டால் அவர் என்ன சொல்வார்? வேலை தெரியாதவன் என்பார். நான் துப்பாக்கியை மேலே தூக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டேன்.

புறா அப்படியே சாய்ந்து, தகரத்தில் உருண்டு, கீழே விழுந்தது. "அடிச்சேன் பார்றா!" என்று ஒரு கத்தல் கேட்டது. கத்தியது நான்தான். குதிக்கவும் செய்தேன். அந்தச் சத்தம் எனக்குள் எங்கே கிடந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. சுட்டதைவிட அந்தக் கத்தல்தான் என்னை அதிகமாகக் கூசவைக்கிறது. அரபி என் தோளில் தட்டி, "ஷாத்திர்! ஷாத்திர்!" என்றார், கெட்டிக்காரன் என்று. நான் இளித்துக்கொண்டு நின்றேன். பறவையை எடுத்துவரச் சொன்னார். போய் எடுத்தேன். கைக்குள் சூடாக இருந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

திரும்பும் வழியெல்லாம் தம்பிதான் பேசிக்கொண்டே வந்தான். மறுநாள் காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் அவன் எடுத்த வீடியோ, மேளச்சத்தம் போட்டு. நான் குறி வைக்கிறேன், புறா விழுகிறது, நான் குதிக்கிறேன்.

"எடுடா அத முதல்ல" என்றேன்.

"என்னண்ணே, நல்லாத்தானே இருக்கு? ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க. சூப்பர் சூப்பர்னு போட்டுக்கிட்டு இருக்காங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்குப் போன் பண்ணப் பயந்து, வேலை அதிகம் என்று மெசேஜ் மட்டும் போட்டேன். என்ன திட்டு விழும், ஊர்ப் பெரியவர்கள் என் வீட்டு வாசலில் வந்து என்ன கேட்பார்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், மன்னிப்புக் கேட்கலாம், அபராதம் போட்டால் கட்டலாம் என்று பதிலெல்லாம் தயார் செய்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மனைவியே வீடியோவில் கூப்பிட்டாள்.

"கூடாரக் கடைன்னுல்ல சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான். நான் வாயெடுப்பதற்குள், நாலாம் வகுப்புப் படிக்கிற என் மகள் போனைப் பறித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா! எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். எம்புட்டுத் தூரத்துல இருந்துச்சு, ஒரே அடி! எங்கப்பா குறி வச்சா தப்பாதுன்னு சொன்னேன். லீவுக்கு வரும்போது அந்தத் துப்பாக்கியக் கொண்டுவாப்பா."

"பிளேன்ல விடமாட்டாங்கடா" என்றேன். செய்தது தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தவன், அதைத்தான் சொன்னேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பின்னால் என் மனைவி நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ரகசியம் போலச் சொன்னாள்: "துப்பாக்கியே வேணாம்ப்பா. நீ வா, கவட்டை நான் செஞ்சு வைக்கிறேன். கம்மாய்ல நாரை இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு. அதுக்கு இன்னும் பறக்கத் தெரியாதுப்பா, ஈஸியா அடிச்சிரலாம்."