மூத்த குமாரன் உள்ளே போனானா?

என் இரண்டு அண்ணன்மாரும் பேச்சை விட்டது காணித் தகராறால் அல்ல, சீதனத்தாலும் அல்ல. லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தால். சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்போது நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது நானே சிரிக்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி முடிகிற காலம். நானும் சின்னண்ணரும் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட இருந்தோம். புதன்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் வேதபாடம் நடக்கும். ரயில் வந்தால் ஜெபம் நிற்கும். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பெரியண்ணர் கொட்டாஞ்சேனையிலிருந்து டிராமும் ரயிலும் மாறி, வெயிலென்றாலும் மழையென்றாலும் அதே கறுப்புக் கோட்டோடு வந்துவிடுவார். எங்களைப் பெற்ற ஐயா கண்மூடிய பிறகு துறைமுகத்தில் கிளாக்கர் வேலை செய்து எங்கள் இரண்டு பேரையும் படிப்பித்தவர் அவர். தனக்கென்று ஒரு கலியாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

அன்று கெட்டகுமாரன் கதை. இளையவன் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான். தகப்பன் கன்று அடித்து விருந்து வைக்கிறார். மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியிலேயே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனைக் கெஞ்சுகிறார். அதோடு கதை முடிகிறது. மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று எழுதப்படவில்லை. எழுதாத இடத்தில்தானே எங்கள் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள்!

“போனவன்தான். தகப்பன் வந்து கெஞ்சின பிறகும் வெளியில நிப்பானோ?” என்றார் சின்னண்ணர்.

“போகேல்லை,” என்றார் பெரியண்ணர். “அவ்வளவு காலம் உழைச்சவனுக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது குடுத்தவையோ?”

சின்னண்ணருக்கு வாய் சும்மா இருக்காது. “அந்த மூத்தவன் எங்கட அண்ணையைப் போல ஒரு ஆள்தான்,” என்றார். பாடத்துக்கு வந்திருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியண்ணர் வேதாகமத்தை மூடினார், குடையை எடுத்தார், முடிவு ஜெபத்துக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். ஜெபத்தை விட்டதைக்கூட மன்னிக்கலாம், மனுசன் தேத்தண்ணி குடிக்காமல் போனார்!

அதன் பிறகு மாதக்கணக்காக இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. “அவரிட்டைச் சொல்லு” என்று இவர் ஒரு வசனம் அனுப்புவார். “அவனிட்டைச் சொல்லு” என்று அவர் ஒரு வசனம் திருப்பி அனுப்புவார். பரிசுத்த வேதாகமம் அந்த நாளில் பட்ட பாடு அதற்குத்தான் தெரியும்.

இதற்கிடையில் எனக்கு ஒரு கலியாணம் பொருந்தி வந்தது. கல்கிசையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால் என்னை வளர்த்த பெரியண்ணர் இல்லாத வீட்டில் என் கலியாணத்தைப் பேசி முடிக்க எனக்கு மனமில்லை. அண்ணன் தம்பி முகம் பார்க்காத குடும்பம் என்று தெரிந்தால் வந்தவர்களும் அப்படியே திரும்பிவிடுவார்கள்.

கொட்டாஞ்சேனைக்குப் போய் அழுதேன். “வாசல் படலை வரைக்கும் வாறன், பிள்ளை. கூப்பிட வேண்டிய ஆள் வந்து கூப்பிட்டால் உள்ளுக்கு வருவன்,” என்றார் பெரியண்ணர்.

வீட்டுக்கு வந்து சின்னண்ணரிடம் சொன்னேன். “கதவு திறந்துதானே கிடக்கு. வாற ஆள் வரலாம்,” என்றார்.

“ரெண்டு பேருக்கும் வேதம் தலைக்குள்ள மட்டும்தான் கிடக்கு!” என்று கத்திவிட்டு, குசினிக்குள் போய்ச் சட்டி பானையெல்லாம் உருட்டினேன்.

சனிக்கிழமை பெரியண்ணர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். படலைக்கு வெளியே, கறுப்புக் கோட்டோடு, கம்பம் மாதிரி நின்றார். சின்னண்ணர் உள்ளே கதிரைகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார். நான் சன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு, ஆண்டவரே, இந்த இரண்டு பேரையும் ஏன் ஒரே வயிற்றில் படைத்தீர் என்று கேட்டேன்.

மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்தது. தகப்பனார் இறங்கினார், பெரியண்ணரைக் கண்டார், முகம் மலர்ந்துவிட்டது.

“வீட்டுக்கு மூத்தவர் படலையடியில வந்து நிண்டு வரவேற்கிறியள்! இந்த மரியாதை இப்ப ஆரிட்டை இருக்கு?”

மூத்தவர் படலையில் நின்று விருந்தினரைக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். பெரியண்ணர் என்ன செய்வார்? நான் கோபத்தில் நிற்கிறேன், நீங்கள் போங்கள் என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்ல முடியுமா? “வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ,” என்றபடி அவர்களோடு தானும் உள்ளே வந்தார். சின்னண்ணர் வாயைப் பிளந்தபடி வழிவிட்டார்.

எல்லாம் நல்லபடியாகப் பேசி முடிந்தது. விருந்தினர் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் சாப்பிட இருந்தோம். சின்னண்ணரால் வாயை அடக்க முடியவில்லை.

“தங்கச்சி, மூத்தவன் உள்ளுக்குப் போனவன் எண்டு நான் அப்பவே சொன்னனானெல்லே?”

எனக்கு வந்த கோபத்துக்கு அகப்பையால் போட்டிருப்பேன். பெரியண்ணர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்தே கேட்டார்.

“தங்கச்சி, அவனிட்டைக் கேள். அவையள் வராமல் விட்டு, நானும் அப்பிடியே திரும்பிப் போயிருந்தால், அவன் இருந்து சாப்பிட்டிருப்பானோ?”

எதற்கும் ஒரு வசனம் வைத்திருக்கிற சின்னண்ணர் தட்டில் கிடந்த சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். மூத்தவன் போனானா இல்லையா என்று இத்தனை மாதம் அடிபட்டோமே, வெளியில் நின்றவனுக்கு எவ்வளவு நொந்திருக்கும் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

“நான் படலைக்கு வந்திருக்க வேணும், அண்ணை,” என்றார் சின்னண்ணர்.

பெரியண்ணர் தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்துத் தம்பியின் சோற்றில் வைத்தார்.

“முதல் சாப்பிடடா,” என்றார்.