ஆறு கயிறும் இரண்டு டிஸ்க்கும்

பல்கூடத் துலக்காமல் அவர் மேசைக்கு அடியில் மண்டியிட்டு, ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கம்ப்யூட்டர் பெட்டியின் விலாவில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். மூச்சையும் பிடித்துக்கொண்டார். எட்டு மாதமாக நாள் தவறாமல் நடக்கிற காரியம்தான். டாக்டர்களும் குழாயை வைத்து இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் எந்த டாக்டருக்கும் நோயாளியைவிட அதிகமாக வியர்ப்பதில்லை.

"என்ன சொல்லுது?" என்றாள் மனைவி, கதவோரத்தில் நின்று.

"டக்குங்குது."

"டக்குன்னா நல்லதா கெட்டதா?"

"பேசாம இரு, எண்ணிக்கிட்டிருக்கேன்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருட சர்வீஸ். மொட்டை மாடிகளின் மோட்டார் ரூம்களில் இதே ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து, எந்த பேரிங் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். சொன்ன மாதம் தப்பியதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்பேர் அண்ணன். எதுவாக இருந்தாலும் அவரிடம் இரண்டு இருக்கும். வீட்டுச் சாவி இரண்டு கொத்து. பெரிய குடை ஒன்று, அது திறக்காவிட்டால் பைக்குள் சின்னக் குடை ஒன்று. கழுத்தில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு கண்ணாடி. இடது கையில் இரண்டு கடிகாரம். இரண்டும் இரண்டு மணி காட்டினால் எதை நம்புவது என்பதற்காகச் சுவரில் மூன்றாவது.

கேட்டால் கயிற்றுக் கணக்கை எடுத்துவிடுவார். "லிஃப்டுக்கு ஆறு கயிறுங்க. தூக்கறதுக்கு ஒண்ணே போதும். மீதி அஞ்சு எதுக்குன்னு கேப்பாங்க. அறுந்தப்புறம் அதைக் கேக்கறதுக்கு ஆள் இருக்கணும்ல, அதுக்குத்தான்."

"எனக்கும் ஒரு ஸ்பேர் எடுத்து வெச்சிருந்தா சொல்லிடுங்க. ஆளுக்கொரு வேளை சமைச்சுக்கறோம்," என்பாள் மனைவி. முன்பெல்லாம் இதை நான்காம் மாடியிலிருந்து சொன்னால் தெருமுனையில் போகிறவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார். அப்படியொரு குரல். போனில் பேசும்போது போன் எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் ஒரு கட்டி. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆள் வந்தாள், குரல் வரவில்லை. இப்போது அவள் பேசினால் சிமெண்டுத் தரையில் மணலைத் தேய்ப்பது போல ஒரு கிசுகிசு. அதற்குப் பதில் சொல்கிறவர்களும் ஏனோ கிசுகிசுக்கிறார்கள். காய்கறிக் கடைக்காரர் தக்காளி விலையை ஊர் ரகசியம் போலக் காதருகில் வந்து சொல்லுகிறார். "எனக்குத்தாங்க தொண்டை போச்சு, உங்களுக்கு என்ன கேடு?" என்று அவள் கேட்டால், அதற்கும் கிசுகிசுப்பாகவே மன்னிப்புக் கேட்கிறார்.

இனித்தான் விஷயம். ஸ்பேர் அண்ணனின் சர்வீஸ் போனில் வருகிற எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகும். "நாங்க காலையிலேயே சொன்னோமே" என்று கட்டடத்துக்காரர்கள் சாதிப்பார்கள் என்பதற்காகக் கம்பெனி செய்த ஏற்பாடு. அந்தப் போனில் மனைவியும் பேசுவாள். ஆக, பதினோரு வருடமாக, லிஃப்ட் கதவு மூடவில்லை என்ற புகார்களோடு புகாராக அவள் குரலும் சேர்ந்துகொண்டே வந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு நாள் பழைய புகார் ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தபோது, "வெங்காயம் வாங்கிட்டு வரச் சொன்னா பூண்டை வாங்கி வெச்சுட்டு வேலைக்குப் போயிருக்கீங்க, ரெண்டும் வெள்ளையாவா இருக்கு?" என்று காதைக் கிழித்தது அந்தக் குரல். மனிதர் மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்துவிட்டார். மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பதினேழு அழைப்புகள். பாதி சாமான் பட்டியல், பாதி திட்டு. போன் நிரம்பிவிட்டதால் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அவளுடைய எண்ணிலிருந்து வந்தவற்றை 'வீடு' என்ற ஃபோல்டரில் பத்திரப்படுத்தினார். புகார் அழைப்புகள் 'வேலை' என்ற ஃபோல்டருக்குப் போயின. தினம் மாலை அரை மணி நேரம் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார்.

"என்ன கேக்கறீங்க?" என்பாள்.

"கம்ப்ளெயின்ட்."

பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் அவளுக்கு அது தெரிந்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார். இருக்கிற குரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இல்லாத குரலைக் கேட்கிறார் என்று அவள் நினைத்துவிட்டால் என்ன செய்வது?

ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அவருக்குத் தூக்கம் வருமா? கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனார். கடைக்காரர் இரண்டு புது டிஸ்க்கை எடுத்து வைத்து விளக்கினார். "ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி எழுதிக்கிட்டே போகும் சார். மிரர்னு சொல்லுவோம். ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும். ஆனா ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கு, பாத்துக்கங்க. வெளியில தனியா ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல வெச்சிருங்க." ஸ்பேர் அண்ணன் 'இன்னொண்ணு நிக்கும்' வரைக்கும்தான் கேட்டார். அதற்கு மேல் அவர் காதில் ஆறு கயிறு ஆடிக்கொண்டிருந்தது. வரும்போது ஸ்பேருக்கு என்று மூன்றாவது டிஸ்க் ஒன்றையும் வாங்கிவந்து, பிரிக்காமல் பீரோவில் வைத்தார்.

லிஃப்ட் பொருத்துவது போலவே பொருத்தினார். ஒவ்வொரு திருகுக்கும் அடியில் வாஷர். வயர்கள் ஒன்றோடொன்று உரசாமல் கட்டு. மேல் டிஸ்க்கில் மார்க்கரால் 1 என்றும் கீழ் டிஸ்க்கில் 2 என்றும் பெரிதாக எழுதினார். பெட்டியின் பக்கத்தில் நூலில் ஒரு பராமரிப்பு அட்டை தொங்கியது. தேதி, சத்தம், கையெழுத்து என்று மூன்று கட்டம். எட்டு மாதமும் சத்தம் என்ற கட்டத்தில் 'இயல்பு' என்றே எழுதிவந்தார்.

இன்றைக்குத்தான் டக்.

எழுந்து திரையைப் பார்த்தார். "டிஸ்க் 1 பழுதாகிறது. உடனே மாற்றவும்" என்று சிவப்பு எழுத்தில் மினுக்கியது. இந்த நாளுக்காகத்தானே இத்தனை ஏற்பாடும். விடுமுறை நாள் வேறு. மறுபடி ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்தார். சத்தம் கீழ் டிஸ்க்கிலிருந்து வருவதாகத்தான் காது சொன்னது. திரை 1 என்கிறது, மேலே இருப்பதில் அவர் கையெழுத்திலேயே 1 என்று இருக்கிறது. இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் காதை நம்பாமல் எழுத்தை நம்பினார்.

மேல் டிஸ்க்கைக் கழற்றினார். பீரோவிலிருந்த புதியதைப் பொருத்தினார். கீழ் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் புதியதற்குப் பிரதியாகட்டும் என்று பொத்தானை அழுத்தினார். ஒரு சதவீதம் என்று காட்டியது. அப்புறம் தொழில் தர்மம் ஒன்று பாக்கி இருந்தது. கழற்றின கயிற்றை அன்றைக்கே வெட்டிவிட வேண்டும் என்பது லிஃப்ட்காரர்களின் சட்டம். சும்மா போட்டுவைத்தால் எவனாவது எடுத்துப்போய் இன்னொரு லிஃப்டில் மாட்டிவிடுவான், எவன் தலையிலாவது விழும். பால்கனிக்குப் போய், டிரில்லிங் மெஷினை எடுத்து, கழற்றிய டிஸ்க்கில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று ஓட்டை போட்டார். உலோகத் துகளை ஊதிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நிம்மதியாக மண்டியிட்டு ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார்.

டக்.

கொஞ்சம் தள்ளி வைத்தார். டக். டக். செத்த டிஸ்க் பால்கனியில் ஓட்டையோடு கிடக்கிறது, அதன் சத்தம் மட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மெள்ளத் தலையைத் தூக்கித் திரையைப் படித்தார். இப்போது அதில் இரண்டு வரி இருந்தது. டிஸ்க் 0, புதியது. டிஸ்க் 1, பழுதாகிறது.

பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது சனியன். தரைத்தளம் பூஜ்யம், அதற்கு மேலேதான் ஒன்று என்று எத்தனை லிஃப்டில், எத்தனை பேருக்கு, எத்தனை தரம் வாய் வலிக்கச் சொல்லியிருப்பார்? ஒன்றை அழுத்திவிட்டு, "தெருவுக்குப் போகலையே" என்று சண்டைக்கு வந்த வாடகைதாரர்களைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருப்பார்? திரை சொன்ன 1, அவர் கணக்கில் 2. நல்ல டிஸ்க்கில்தான் மூன்று ஓட்டை. ஆயிரத்து நூற்றுப் பதினேழு அழைப்பும் இப்போது டக்டக்கென்று தட்டிக்கொண்டிருக்கிற ஒற்றைக் கயிற்றில் தொங்குகின்றன.

நான்கு சதவீதம்.

வாஷிங் மெஷினை நிறுத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். மனைவி தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைக்கப்போனாள், ஓடிப்போய் ஏந்திக்கொண்டார்.

"என்னங்க ஆச்சு?"

"அதிரக் கூடாது."

"நான் நடக்கலாமா?"

"மெதுவா நட."

பதினெட்டு. இருபத்தேழு. எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவருக்குப் பழகினதுதான், லிஃப்ட் வாசலில் வாழ்நாள் முழுக்க அதைத்தானே பார்த்தார். ஆனால் ஏறிவருவது இவள் குரலாக இருந்ததில்லை. மதியம் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. நாற்பத்தைந்து. டக் சத்தம் இப்போது ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே கேட்டது. ஐம்பத்தெட்டு. அறுபது. அறுபத்தொன்று.

அறுபத்தொன்று.

வெகுநேரம் அறுபத்தொன்று. பிறகு டக்கும் நின்றுபோனது. அமைதியாக இருந்தது வீடு. அவர் பயந்ததெல்லாம் சத்தத்துக்குத்தான், இப்படி ஒரு அமைதி இருக்கும் என்று நினைக்கவில்லை.

கடைக்காரர் மூன்று டிஸ்க்கையும் வாங்கிப் பார்த்தார். ஓட்டை போட்டதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக ஸ்பேர் அண்ணனைப் பார்த்தார்.

"இது எதுக்கு சார்?"

"எங்க லைன்ல கழட்டினா வெட்டிடணும்."

"வேலையை இவ்ளோ சுத்தமா செய்யக் கூடாது சார்," என்றார் கடைக்காரர் வருத்தமாக. "ஒண்ணு கேக்கறேன். ஆறு கயிறும் அறுந்தா லிஃப்ட் நேரா கீழதானா?"

"இல்லை. அடியில பிரேக் இருக்கு, தனியா. கயித்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை." சொல்லி முடிப்பதற்குள், அன்றைக்குக் காதில் வாங்காமல் விட்ட 'தனியா ஒரு காப்பி' எதற்கென்று அவருக்கே புரிந்துவிட்டது.

மூன்று நாள் கழித்து ஒரு சின்ன பென் டிரைவைக் கொடுத்தார் கடைக்காரர். அறுபத்தொன்று வரை பிரதியானதிலிருந்து 'வேலை' ஃபோல்டர் முழுசாகக் கிடைத்துவிட்டது. கதவு மூடவில்லை, லைட் எரியவில்லை, ஏழாம் மாடியில் நிற்காமல் போகிறது, எல்லாப் புகாரும் பத்திரம். 'வீடு' ஃபோல்டரில் ஆயிரத்து நூற்றுப் பதினேழு பெயர்கள் இருந்தன. திறந்தால் ஒன்றிலும் சத்தமில்லை.

அன்று மாலை வழக்கம்போல இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் புகார்களை வரிசையாகக் கேட்டார். நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஓடும்போது முதுகு நிமிர்ந்தது. கண்ணைத் துடைக்கப் போனவர் கழுத்துக் கண்ணாடியைத் தட்டிவிட்டார், அதில் சிக்கிய இயர்போன் வயர் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அறை முழுக்க அந்தக் குரல்.

"லிஃப்ட் நின்னுபோச்சு. இருட்டா இருக்கு. யாராவது வாங்க."

"பதட்டப்படாதீங்க மேடம்," என்றது அவருடைய சொந்தக் குரல், அலுவலக மரியாதையோடு. "எந்தத் தளம்னு சொல்லுங்க மேடம்."

"மேடமா? ஏங்க, நான்தாங்க. உங்க லிஃப்ட்லதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஆறு கயிறு கட்டத் தெரிஞ்ச மனுஷனுக்குப் பொண்டாட்டி குரல் தெரியலை. வீட்டுக்கு வாங்க, மேடம்னா யாருன்னு காட்டறேன்."

லிஃப்டிலிருக்கும் அவசர போனிலிருந்து பேசினதால் அது புகாராகப் பதிவாகி 'வேலை'க்குள் போயிருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு எட்டு விநாடி குறைவு. அதில் முக்கால்வாசி திட்டு.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"இதுதான் கம்ப்ளெயின்டா?" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெங்காயத்திலிருந்து ஆரம்பித்து, பூஜ்யம் வரைக்கும். அவள் மேசையருகே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கேட்டாள். நடுவில் ஒரு தரம் சிரித்தாள், அது மணல் சரிவது போல இருந்தது. முடித்ததும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கா மூணு நாளா சாப்பாடு இறங்கலை? போனது போனது. இப்ப இருக்கற குரலும் ஒரு நாள் போகும், அன்னிக்கு எந்த மேசைக்கு அடியில போய் மண்டி போடுவீங்க?"

ஸ்பேர் அண்ணன் எழுந்தார். சர்வீஸ் போனை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்துப் பதிவை அழுத்தினார். உள்ளே போய்த் தன் சொந்தப் போனை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்து, அதையும் அழுத்தினார்.

"முதல்லேர்ந்து திட்டு," என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, இரண்டாவது போனை மட்டும் எடுத்து மேசையின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்தார்.