சிவப்புத் தாள் வராத நான்கு மாதங்கள்

அலுவலகத்தில் அவளைப் பெஞ்சக்கா என்றுதான் சொல்வார்கள். கிளினிக்குகளை ஆய்வு செய்யப் போகிற மற்றவர்கள் நேரே டாக்டர் அறைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டுவார்கள். இவள் நோயாளிகளோடு நோயாளியாக வெளிப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் தான் யார் என்று சொல்வாள். கேலி செய்கிறவர்களிடம், "இருபத்திரண்டு வருஷம் நர்ஸா நின்னே தேஞ்ச முழங்கால். உக்கார ஒரு சாக்கு வேணும்ல?" என்று சிரிப்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் காதில் விழுவது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது என்பது அவள் அனுபவம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை. வேலைப் பழக்கம் வீட்டுக்குள்ளும் கூடவே வந்துவிடும்.

"ஏன்க்கா, இங்கயும் ஃப்ரிட்ஜைத் தொறந்து தேதி பாக்கணுமா? என் சமையலறைக்கு எத்தனை மார்க்?"

"கை கழுவுற எடத்துல சோப்பு இல்ல. அரை மார்க் கொறச்சிருக்கேன்."

இப்படி இருந்தவள்தான்.

அந்தக் கிளினிக்குக்கு அவள் முதலில் போனபோது மனசு குளிர்ந்துபோய்த் திரும்பினாள். பழைய இரண்டு மாடிக் கட்டடம், கீழே மருந்துக்கடை. டாக்டரம்மா ஒரே ஆள். ஒரு நாளைக்கு எழுபது பேரைப் பார்ப்பாள். அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது ஒரு குமாஸ்தாப் பெண். சின்ன வயசுதான், ஆனால் கெட்டி. தினமும் காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து, லேபிலிருந்தும் எக்ஸ்ரே நிலையத்திலிருந்தும் வந்திருக்கிற ரிப்போர்ட்டுகளை ஒன்றுவிடாமல் படிப்பாள். கோளாறு என்று குறித்து வந்ததைச் சிவப்புத் தாளில் அச்செடுத்து டாக்டரம்மாவின் மேசையில், ஸ்டெதாஸ்கோப்புக்கு அடியில் வைப்பாள். டாக்டரம்மா அதைப் பார்க்காமல் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே முடியாது.

பெஞ்சக்காவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. "நீ லீவுல போனா யாரும்மா இதைப் பாப்பா?" என்று போகிற போக்கில் கேட்டாள்.

"நான் எங்க மேடம் லீவுல போறேன்!" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

பெஞ்சக்காவும் சிரித்தாள். 'முடிவுகள் தினமும் பார்க்கப்படுகின்றன' என்ற வரிக்கு நேரே டிக் போட்டுவிட்டு, அடுத்து தடுப்பூசிப் பெட்டியின் குளிர் அளவைப் பார்க்கப் போனாள். கிளினிக்குக்கு 'நன்று' என்று மதிப்பெண் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து மறு ஆய்வு வந்தது. வழக்கம்போலக் காலையிலேயே போய் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், ஐம்பதை ஒட்டிய வயசு. இருமல் வரும்போதெல்லாம், அடுத்தவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரொம்ப நாளா இருமலா?" என்றாள்.

"ஆறேழு மாசமா இருக்கு. எக்ஸ்ரே எடுத்தே நாலு மாசம் ஆச்சு. ஏதாச்சும் இருந்தா கூப்பிடுறோம்னாங்க. கூப்பிடல. அப்ப ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்?"

"எதுக்கும் உள்ள ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றாள்.

"கேக்குறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுறாங்க" என்று அவர் சிரித்தார். உள்ளே போனவர் ஐந்து நிமிஷத்தில் இருமல் மருந்துச் சீட்டோடு வெளியே வந்து, இவளுக்குத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

குமாஸ்தாப் பெண்ணைக் காணவில்லை. அவள் பிரசவத்துக்குப் போய் நான்கரை மாதம் ஆகியிருந்தது. அவள் இடத்தில் தற்காலிகமாக வந்த பையனுக்கு டோக்கன் கொடுக்கவும் போன் எடுக்கவும் மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் வருகிற மின்னஞ்சல் பெட்டியின் பாஸ்வேர்டை அவனிடம் யாரும் கொடுக்கவில்லை. அப்படி ஒரு பெட்டி இருப்பதே அவனுக்குத் தெரியாது. டாக்டரம்மா பார்த்துக்கொள்வதாக நர்ஸ் நினைத்திருந்தாள். நர்ஸ் பார்த்துக்கொள்வதாக டாக்டரம்மா நினைத்திருந்தாள்.

பெஞ்சக்கா அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பாஸ்வேர்டு தேடி அரை மணி நேரம் போயிற்று. திறந்ததும், படிக்காதவை இருநூற்றுப் பதினான்கு என்று திரை காட்டியது.

டாக்டரம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "சிவப்புத் தாள் வரலையே," என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. "சிவப்புத் தாள் வரலன்னா எல்லாரும் நல்லாருக்காங்கன்னு நெனச்சுட்டேன்."

இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பெரும்பாலும் சாதாரணமானவை. முப்பத்தெட்டாவது, டிரைவருடையது. வலது நுரையீரலில் நிழல், உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. தேதி நான்கு மாதம் முந்தியது.

"இப்பவே கூப்பிடுங்க" என்றாள் பெஞ்சக்கா.

டாக்டரம்மா போனை எடுத்து எண்களை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை மணி அடித்தது. அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சல்.

"வண்டி ஓட்டிட்டு இருக்கேன் டாக்டரம்மா, என்ன விஷயம்?"

"ஓரமா நிறுத்துங்க."

"லோடு இருக்கும்மா, சாயங்காலம் பேசுறேனே..."

"நிறுத்திட்டுப் பேசுங்க. தயவு செஞ்சு."

எஞ்சின் சத்தம் அடங்கியது.

சேதி கேட்ட குமாஸ்தாப் பெண் மறுநாளே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து, மீதி ரிப்போர்ட்டுகளைப் பிரித்து அடுக்கினாள். ஒன்பது பேருடையது அவசரமானது. குழந்தை அழும்போது மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே, "என்னாலதான் மேடம்" என்று அவளும் அழுதாள்.

"பிள்ளை பெத்தது ஒரு தப்பா? பேசாம இரு" என்று அதட்டினாள் பெஞ்சக்கா. ஆனால் அன்று ராத்திரி தன் பழைய படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கையில் அதையும் எழுதினாள். 'ஒரே ஆளை நம்பி இந்த வேலை நடந்ததை முந்தைய ஆய்வில் பார்த்தும் நான் குறிப்பிடவில்லை.' மேலதிகாரி கூப்பிட்டு அந்த வரியைப் பென்சிலால் சுற்றிக் காட்டினார்.

"இது எதுக்கும்மா? நம்ம படிவத்துலயே அந்தக் கேள்வி இல்லையே."

"நான் கேட்டேன் சார். கேட்டுட்டு, பதில் வாங்காம சிரிச்சுட்டு வந்துட்டேன்."

"பழசைக் கிளறாதீங்க. உங்களுக்கும் நல்லதில்ல, ஆபீஸுக்கும் நல்லதில்ல."

அச்சாகி வந்த அறிக்கையில் அந்த வரி இல்லை. 'மோசம்' என்ற மதிப்பெண் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. கிளினிக்கை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். அதற்குள் டாக்டரம்மா மனசு விட்டுப்போய், இனி என்னால் ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கிளினிக் மூடப்பட்டது என்று கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்க்கப் போன பெஞ்சக்காவை, கீழே மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இருந்த ஒரு டாக்டரையும் வெரட்டியாச்சு. இனி சளி காய்ச்சலுக்குக் கூட ரெண்டு பஸ் மாறிப் போகணும். நல்லா இருங்க."

அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

டிரைவருக்குச் சிகிச்சை ஆரம்பித்திருந்தார்கள். நாலு மாதம் முந்தி வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது பரவிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதாகக் குமாஸ்தாப் பெண்தான் தகவல் சொன்னாள். அவர் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று பெஞ்சக்கா முடிவு செய்தாள். போகாதே என்று தங்கை எவ்வளவோ சொன்னாள்.

"நீ போய்ச் சொல்லி என்னக்கா ஆகப் போகுது? அந்த மனுஷனுக்குக் கேக்குற தெம்பு இருக்கோ என்னமோ."

"தெரியாமயே போயிடக் கூடாதுல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். சந்துக்குள் ஒற்றை அறை வீடு. மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அன்று ஞாயிறானதால் வீட்டில் இருந்தாள். டிரைவர் பாதியாக இளைத்து, தலையணையில் சாய்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் கண் மலர்ந்தது.

"பெஞ்சுல எம்பக்கத்துல இருந்தீங்கள்ல? உங்க ஒடம்பு இப்ப எப்படி இருக்கு?"

தான் நோயாளியாக வரவில்லை என்று ஆரம்பித்து, முதல் ஆய்வு, அந்தக் கேள்வி, அந்தச் சிரிப்பு, டிக் எல்லாவற்றையும் சொன்னாள். அறிக்கையில் எழுதியதும் அது வெட்டப்பட்டதும் கூடச் சொன்னாள். மனைவி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிரைவர் கேட்டார். "அன்னிக்கு நீங்க எழுதியிருந்தா, நான் பொழைச்சிருப்பேனா?"

"தெரியல. வாய்ப்பு இருந்திருக்கும்."

அவர் கூரையைப் பார்த்தார். "இது வரைக்கும் விதின்னு நெனச்சுப் படுத்திருந்தேன். ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு. இப்ப நீங்க சொல்லிட்டீங்க. உங்களுக்குப் பாரம் எறங்கியிருக்கும். எனக்கு ஏறிடுச்சு."

மனைவி வந்து கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க" என்று கூடச் சொல்லவில்லை. பெஞ்சக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

அதற்கப்புறம் அவர் ஏழு வாரம் இருந்தார். இறந்த சேதி வந்த அன்று அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சந்து முனைவரை போனாள். வாசலில் நாலைந்து லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். வெளியே வந்த மனைவி இவளைப் பார்த்துவிட்டாள். ஒரு கணம் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அவள் சந்து முனையிலேயே திரும்பினாள்.

பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய பஸ் இரண்டு தடவை வந்து நின்று போனது. மூன்றாவதில் ஏறி வீட்டுக்கு வந்தாள். தங்கை தட்டை வைத்தாள். மறுநாள் ஊரின் மறுகோடியில் வேறொரு கிளினிக், எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் படிவங்களை எண்ணிப் பைக்குள் வைத்தாள்.