எழுத்து முடியாத கலியாணம்

தொண்ணூறுகளில் எட்மண்டனில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்ப உதவிய சட்ட நிபுணன் நான். பட்டம் எனக்கு நானே கொடுத்தது. ஒரு ஞாயிறு, வேலைச் சீருடையோடு ஒரு பெண் வந்தார். நான் சொல்லச் சொல்லத் தானே எழுதினார். ஒவ்வொரு பதிலுக்கும் பேனாவை மூடித் திறந்தார். தாலி கட்டாமல் பன்னிரண்டு வருடமாகத் தன்னோடு வாழ்பவரின் வீட்டுப் பத்திரத்தில் தன் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். அவருக்கும் சம்மதமாம்.

“ஏன் வீண் அலைச்சல்? இவ்வளவு காலம் ஒண்டாய் இருந்தால் இந்த நாட்டில அது கலியாணம்தான்,” என்றேன்.

“இல்லை அண்ணை, அப்பிடிச் சட்டம் இல்லை. விசாரிச்சனான். அவருக்கு ஏதும் நடந்தால் நான் றோட்டிலதான்.” பேனாவை மூடினார். “நீங்கள் எழுத்து முடிச்சனீங்களோ?”

பதிவுத் திருமணத்தைத்தான் எழுத்து என்போம். நான் இந்த ஊரிலேயே மண்டபம் பிடித்து, ஐயரை வைத்து, முந்நூறு பேர் முன்னால் தாலி கட்டியவன். எழுத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு ஒன்பது வருடம்.

“அப்ப சட்டத்துக்கு நீங்களும் எங்களைப் போலதான்,” என்றார், சிரிக்காமல்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், “எழுத்து முடிப்பமோ?” என்றேன்.

“யோசிச்சுச் சொல்லுறன்,” என்றாள்.

இரண்டு வாரம் யோசித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் பன்னிரண்டு வருடம் எப்படிச் சாப்பிட்டாரோ.