வலை போர்த்திய சோலார் ஷீட்டு

“பேத்திதாண்ணே! மூக்கு மட்டும் என்னைய மாதிரி” என்று, யாரும் கேட்காமலே, போடியிலிருந்து மலையேறிய ஜீப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிள்ளையை மடியில் வைத்திருந்த என் மகள் பானுப்பிரியாவுக்கு வேறு நினைப்பு. பிரசவத்துக்கு இறங்கும்போது, எங்கள் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் கூரையில் இரண்டு சோலார் ஷீட்டுகளை விட்டு வந்திருந்தாள். காகிதம் போல வளையும் புது வகை. வெயிலிலும் மழையிலும் அது எவ்வளவு காலம் உழைக்கும் என்று பார்ப்பதுதான் கல்லூரியில் அவளுக்கு வேலை.

தோட்டத்தில் இறங்கிக் கூரையைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. ஒரு ஷீட்டின் மேல், ஏலச்செடிக்கு நிழலுக்காகக் கட்டும் பச்சை வலை!

“யாரு பாத்த வேல இது?”

“நாந்தான் ஆத்தா” என்றார் தோட்டத்து வாட்சர் சுருளி. “எளசா இருக்கே, வெயில்ல கருகிருமேன்னு போட்டேன். வலை ஒண்ணுக்குத்தான் பத்துச்சு.”

“சோலாருக்கு நெழலா? வெளங்கிரும்டா சுருளி!” என்று நான் சிரித்தேன்.

பானு சிரிக்கவில்லை. இத்தனை மாதப் பாடும் வீண் என்றாள். அன்று மூடுபனி வேறு. அளந்து பார்க்கவும் முடியவில்லை.

இன்று காலை வெயில் வந்தது. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கூரையேறினாள். வலையை விலக்கி, இரண்டு ஷீட்டையும் மீட்டரில் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு மேலேயிருந்தே சுருளியைப் பார்த்துக் கத்தினாள்:

“சித்தப்பா! ரெண்டும் ஒரே மழையிலதான நனைஞ்சுச்சு? தெறந்து கெடந்தது பாதி செத்துப்போச்சு, வலைக்குள்ள இருந்தது அப்பிடியே இருக்கு. அப்ப இதக் கொல்றது வெயிலுதான்! வெரசா வாங்க, அந்த வலைய மறுபடியும் கட்டுவோம்!”