தணிக்கையாளர் எண்ணிய சாக்குகள்

என் மகளுக்கு வந்த தற்காலிகப் பணிநீக்க உத்தரவில் ‘தணிக்கையாளர்’ என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. அதன் பொருள் தெரியாதவன் அல்ல நான். பி.காம். படித்துவிட்டு, செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு நெல் மண்டியில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இருந்தும் அகராதியை எடுத்துப் பார்த்தேன். கணக்காய்வாளர், கணக்குச் சரிபார்ப்பவர் என்றெல்லாம் போட்டிருந்தது. எப்படிச் சொன்னாலும் ஒரே ஆள்தான். எழுதியதும் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கிறவர்.

மண்டியில் இந்தச் சொற்கள் புழங்காது. ‘ஆடிட்டு வருது’ என்போம், மழை வருது என்பதுபோல. வருவதற்கு முன்பே சரக்கைச் சரிக்கட்டிவிடுவோம். மூட்டை குறைந்தால் பக்கத்து மண்டியிலிருந்து வரும், ஆடிட்டர் கிளம்பியதும் திரும்பிப் போகும். அவர்களுக்கு ஆடிட் என்றால் எங்களுடையது போகும். இதில் தப்பு இருப்பதாக நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

என் மகள் அவலூர்பேட்டை சாலையில் ஒரு கிராமத்து ரேஷன் கடையில் விற்பனையாளர். எத்தனையோ நேர்முகத் தேர்வுக்கு அலைந்து கிடைத்த வேலை. எங்கள் குடும்பத்தில் மாதம் பிறந்தால் நிச்சயமாக வரும் சம்பளம் அது ஒன்றுதான். அந்தக் கடையில் அரிசி வந்த காலிச் சாக்கையும் எண்ணித் திருப்பித் தரவேண்டும். அமாவாசைக்கு மலையனூர் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் கடை வாசலில் கொஞ்சம் படுப்பார்கள். விரிக்கச் சாக்கு கேட்டால் கொடுத்துவிடுவாள். சிலர் எழுந்து போகும்போது அதையும் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

தணிக்கை இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“அரிசி, சக்கரை எல்லாம் சரியா இருக்குது நைனா. சாக்குதான் முப்பத்தாறு இடிக்குது. நாளைக்கு எண்ணுவாரு.”

“இன்னா பண்ணுவாங்க?”

“சம்பளத்துல புடிப்பாங்க. புடிக்கட்டும். நீ டென்ஷன் ஆவாத. சாப்டியா?”

அவள் அதோடு விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

மண்டியில் அரசு முத்திரை போட்ட பழைய சாக்கு கிடக்கும். காலையில் போய் முப்பத்தாறை எண்ணி எடுத்து மண்டி வாசலில் கட்டிவைத்தேன். வீட்டுக்குத் திரும்பி, அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் பையிலிருந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டேன். மண்டியிலிருந்து சாக்கை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் தெரிந்தவர். “இன்னா சார், ரேஷன் கடைக்கே சாக்கு சப்ளையா?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாவியைக் காணோமென்று அவள் போன் செய்தபோது, “கடையிலதான் இருக்குறேன், வா” என்றேன். அவள் பஸ் இறங்கி வந்து கடைக்குள் நுழையவும் தணிக்கையாளரின் பைக் வரவும் சரியாக இருந்தது. அடுக்கியிருந்த சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேச நேரமில்லை. கணக்கைச் சரிசெய்துவிட்ட நிம்மதியில் நான் வாசலிலேயே நின்றேன்.

அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பத்துப் பத்தாகப் பிரித்து அவரே எண்ணினார். “ஒண்ணுகூட குறையலியேம்மா” என்றவர் சட்டென்று கையை உதறினார். விரலில் ஏதோ குத்தியிருந்தது. அந்தச் சாக்கின் வாயைப் பிரித்துக் கவிழ்த்தார். ஒரு கைப்பிடி நெல் தரையில் கொட்டியது.

“அரிசி வர்ற சாக்குல நெல்லு எங்கிருந்தும்மா வந்துச்சு?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான் சார் வாங்கியாந்து வெச்சேன்.”

“எப்ப?”

“இன்னிக்குக் காலையில.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “குறையுதுன்னு சொல்லியிருந்தா அப்பிடியே எழுதிட்டுப் போயிருப்பேன். பணத்தக் கட்டியிருப்ப. இப்ப நான் இன்னான்னு எழுதறது?”

மறுபடி பேனாவை எடுத்து எழுதினார். அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லை. நெல் இருந்தது, எழுதினார். நான்கு எட்டு தூரத்தில் நின்றுகொண்டிருந்த நான்தான் வாயைத் திறக்கவில்லை. என் மகளைத் திருடி என்று ஒருவர் எழுதிக்கொண்டிருக்க, கைகட்டி நின்றேன்.

உத்தரவு வந்த அன்று, சாக்கை வைத்தது நான்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

“சாவி உன் கைக்கு எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்க. வெளியாளுகிட்ட கடைச் சாவி போனா அதுக்குத் தனியா ஒரு சார்ஜ்.”

“நீ குடுக்கலியே. நான்தான எடுத்தேன்.”

“அதையும் எழுது. பெத்த அப்பனே பையில கைவிட்டுத் திருடிட்டாருன்னு நான் கீழ கையெழுத்துப் போடறேன்.”

தாளை மடித்து என் சட்டைப் பையில் அவளே வைத்தாள். வெளியாள் என்று அவள் சொன்னது சட்டப்படி சரிதான்.

இன்று விழுப்புரத்தில் விசாரணை. நானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

“வேணாம் நைனா. நீ எதிர்ல நின்னா உண்மைய சொல்லிடுவேன்.”

பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வரவேண்டாம் என்றாள். மண்டிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மதியம் தாண்டிவிட்டது. இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.